கோலலங்காட் கடலோரத்துக் கள்

சிலாங்கூரில் கிள்ளான் நகருக்குத் தெற்கே, லங்காட் ஆறு கடலை நெருங்கும் தாழ்நிலத்தில் தெலுக் பங்லிமா காராங் அமைந்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரித் தீவு. தெற்கே போனால் ஜுக்ரா, பந்திங், மோரிப். கோலலங்காட் மாவட்டத்தின் இந்தக் கரையோரம் முழுவதும் கண்டல் காடும் களிமண்ணும் கலந்த பூமி. கரை உயர்த்தி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து உப்புநீரைத் தடுத்தால்தான் பயிர் நிற்கும். அப்படித் திருத்திய நிலத்தில் தென்னை செழித்தது. தென்னையும் தமிழரும் சேர்ந்த இடத்தில் கள்ளும் வந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த வட்டாரத் தமிழ்த் தொழிலாளரின் மது என்றால் அது கள்தான். இங்கேயே மரமேறி, இங்கேயே இறக்கி, அன்றைக்கே குடித்துத் தீர்த்த மது அது.

தோட்டங்கள் வருவதற்கு முன் இந்தக் கரைக்கு வேறொரு வரலாறு இருந்தது. 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாத் பிற்காலத்தில் ஜுக்ராவிலிருந்துதான் ஆட்சி நடத்தினார். மலாய்க்காரரின் கிராமத் தென்னந்தோப்புகளும் மா மெரி பழங்குடியினரின் குடியிருப்புகளும் கடலோரத்தில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் கிள்ளான் பகுதியில் காப்பி போட்டனர். பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பி விலை சரிந்ததும் ரப்பருக்கு மாறினர். காப்பித் தோட்டக்காரராக இருந்த எட்வர்டு வாலண்டைன் கேரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவைப் பெற்று ரப்பர் பயிரிட்டார். தீவுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1901ல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1907ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, கப்பல் செலவுக்கு வழி பிறந்தது. ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தபின், கங்காணிகள் ஊரில் ஆள் சேர்க்கும் முறையில் சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடார்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கினர்.

வந்தவர்களில் பால்மரம் வெட்டக் கற்றுக்கொண்டவர்கள்தாம் மிகுதி. பாளை சீவத் தெரிந்தவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலரின் கைத்திறன் எளிதில் வருவதன்று. தென்னையில் இன்னும் வெடிக்காத பாளையைத் தேர்ந்து, நாரால் இறுக்கிக் கட்டி, சிறு தடியால் நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். தட்டு அதிகமானால் பாளை கருகும். குறைந்தால் சாறு ஊறாது. பதம் வந்ததும் நுனியைச் சீவி, வளைத்துக் கட்டி, கலயத்தை மாட்டுவார்கள். அதன்பின் காலையும் மாலையும் மரமேறி, பழைய காயம் ஆறி அடைபடாதபடி மெல்லிய வில்லையாகச் சீவிவிட வேண்டும். ஒரு பாளை ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ கொடுக்கும். நல்ல மரம் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு லிட்டர் தரும். மழைக்காலத்தில் வழுக்கும் மரத்தில் ஏறி விழுந்து இடுப்பொடிந்தவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. சீவிய பாளை காய்க்காது. ஆகவே கள்ளுக்கு விட்ட மரம் தேங்காய்க்கு ஆகாது என்ற கணக்கைத் தோட்ட நிர்வாகங்கள் எப்போதும் போட்டுப் பார்த்தன.

பாளையிலிருந்து சொட்டும்போது சாறு வெறும் இனிப்பு நீர். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது இனிப்பாகவே நிற்கும். பூசாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள காட்டு நொதியங்கள் கலயம் மரத்தில் தொங்கும்போதே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு சாராயம் ஏறும். ஒரு நாளில் அது இன்னும் கூடும். அதற்குமேல் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். காலையில் இறக்கியது ஒரு ருசி, மாலையில் இறக்கியது வேறு ருசி, நேற்றையது குடிக்கத் தகாதது. அண்டை மலாய்க் கிராமங்களில் இதே சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை ஆக்கினார்கள். குலா மலாக்கா என்று கடைகளில் கிடைப்பது அதுதான். தமிழ் வீடுகளில் ஆப்ப மாவைப் பொங்கவைக்கக் கொஞ்சம் கள் வாங்கிவருவது வழக்கம். தோட்டத்து முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் வைக்கும் படையலில் சுருட்டோடு கள்ளும் இடம்பெற்றது.

கள் நிற்காத மது என்பதே அதன் வரலாற்றைத் தீர்மானித்தது. திராட்சை ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கிறது. அதன் சாற்றில் சர்க்கரை அதிகம், புளிப்பும் துவர்ப்பும் உண்டு. நொதித்து முடிந்த திராட்சை மது பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் இருக்கும், கடல் கடந்தும் போகும். யவனக் கப்பல்கள் கொண்டுவந்த மதுச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்ததற்குக் காரணம் அதுதான். தெற்குப் பிரான்சில் சில ஏக்கர் கொடி வைத்திருக்கும் ஒரு குடும்பம் தன் மதுவைப் புட்டியில் அடைத்து, தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஒட்டித் தொலைதூரத்து நகரங்களில் விற்க முடிகிறது. கள்ளை இறக்கியவர் அப்படி எதையும் செய்ய முடியாது. மரத்தடியிலிருந்து நடந்துபோகும் தொலைவே அதன் சந்தை. எங்கே குடிப்பவர் இருக்கிறாரோ அங்கேதான் விற்க வேண்டும். ஆகவே கள்ளின் விதி மரமேறியின் கையில் இல்லை. நிலத்தையும் ஆட்களையும் கடையையும் ஆண்டவர்களின் கையில் இருந்தது.

மலாய் மாநிலங்களில் மதுவிற்பனை நெடுங்காலம் குத்தகைக்கு விடப்பட்டு அரசுக்கு வருமானம் தந்தது. தமிழர் பெருகியதும் கள்ளும் அரசின் கணக்கில் ஏறியது. எவர் இறக்கலாம், எங்கே விற்கலாம் என்பதற்கு உரிமம் வேண்டும். கிள்ளான், கோலலங்காட், கோல சிலாங்கூர் ஆகிய கடலோர மாவட்டங்களில் தென்னையும் இருந்தது, தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். அதனால் கள்ளின் பெருக்கமும் அதைப் பற்றிய முறையீடும் இங்கேதான் முதலில் எழுந்தன. சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் கள் தவறாகப் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டை ஆராய்வதற்கென்றே அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் நடவடிக்கைகள் 1917ல் கோலாலம்பூரில் அச்சாயின. வேறெந்த மதுவைப் பற்றியும் இந்தக் கரையை மட்டும் குறித்து இப்படி ஒரு விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை. அந்த அளவுக்குக் கள் இந்த மண்ணின் பிரச்சினையாகியிருந்தது.

அன்றைய விவாதத்தில் தோட்டக்காரர்கள் ஒரே குரலில் பேசவில்லை. குடித்த ஆள் மறுநாள் வேலைக்கு வருவதில்லை என்பது ஒரு கட்சி. கள் சத்துள்ளது, அதை நிறுத்தினால் காய்ச்சி வடித்த சம்சுவுக்குப் போவார்கள், தோட்டத்துக்குள்ளேயே கடை இருந்தால் ஆட்கள் வெளியே அலைய மாட்டார்கள் என்பது எதிர்க்கட்சி. இரண்டாவது வாதமே வென்றது. நகரங்களில் அரசே கள்ளுக்கடை நடத்தும் முறையும், தோட்டங்களில் நிர்வாகத்தின் பொறுப்பில் கடை நடத்தும் முறையும் ஊன்றின. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தகரக் கூரைக் கடை. வேலை முடிந்த மாலையில் அது திறக்கும். அளவுக் குவளையில் ஊற்றுவார்கள். தோட்டக் கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்கான நிதியில் சேர்க்கப்பட்டது. திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் கோயில் செலவுக்கும் அதிலிருந்து பணம் வந்தது. கேட்க நல்ல ஏற்பாடுபோலத் தோன்றும். உண்மையில், தொழிலாளிக்கு நிர்வாகம் தன் கையிலிருந்து செய்து தரவேண்டிய வசதிகளை, தொழிலாளி குடித்த காசிலிருந்தே செய்து தந்த ஏற்பாடு அது. குடி குறைந்தால் நிதி குறையும். ஆகவே குடியைக் குறைக்க யாருக்கும் அக்கறை இல்லை.

கூலி குறைவாக இருந்த இடத்தில் இந்தக் கடை செய்த கேட்டைப் பெண்களே முதலில் உணர்ந்தனர். ஆணும் பெண்ணும் பால்மரம் வெட்டினர். சம்பள நாளில் கடையில் போன பணம் அரிசிக்கும் பிள்ளைகளுக்கும் ஆக வேண்டிய பணம். தமிழகத்திலிருந்து வந்த அரசியல் செய்திகளும் இந்த உணர்வுக்கு மொழி கொடுத்தன. 1921ல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியார் ஈ.வெ.ரா.வின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்த செய்தி தமிழர் வாழ்ந்த இடமெல்லாம் பரவியது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கே வந்தார். முப்பதுகளில் சீர்திருத்தச் சங்கங்கள் தோட்டங்களில் மதுவிலக்கைப் பேசின. 1935ல் தொடங்கிய தமிழ் முரசு போன்ற ஏடுகள் அந்தப் பேச்சை லயங்களுக்குக் கொண்டுசென்றன. 1936ல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் உருவானது.

1941ல் இந்த உணர்வு வேலைநிறுத்தமாக வெடித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர்.ஹெச். நாதன் தொழிலாளரைத் திரட்டினார். போர்க்காலத்தில் ரப்பருக்கு நல்ல விலை. ஆனால் இந்தியத் தொழிலாளிக்குச் சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலி. சம கூலி வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், பெண்களிடம் அத்துமீறும் கிராணிகளையும் கங்காணிகளையும் நீக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிக்கு மருந்தும் வேண்டும், துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டனர். இந்தக் கோரிக்கைகளின் நடுவே கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்கள் கொதித்தன. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர்.

கள்ளுக்கடைக் கோரிக்கையைச் சிலர் வெறும் ஒழுக்கப் பிரசாரமாக எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. சைக்கிளும் கள்ளும் ஒரே பட்டியலில் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் தன்மானத்தைப் பற்றியவை. இதைப் புரிந்துகொள்ளத் தெற்குப் பிரான்சின் 1907ஆம் ஆண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லாங்கடாக் பகுதியில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்த போலி மது சந்தையை நிறைத்து, சிறு திராட்சை விவசாயிகள் கடனில் மூழ்கினர். அர்ஜெலியே கிராமத்தில் மார்சலேன் அல்பேர் என்பவர் தொடங்கிய கிளர்ச்சி ஊர் ஊராகப் பெருகி, ஜூன் 9 அன்று மொன்பெலியேயில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். நார்போனில் படையினர் சுட்டனர், அங்கேயும் உயிர்கள் போயின. ஜூன் 29ல் போலி மதுவைத் தடுக்கும் சட்டம் வந்தது. மரோசான் கிராமத்தில் 1901லேயே தொடங்கியிருந்த கூட்டுறவு முறை சுற்றுவட்டாரமெங்கும் பரவியது. 1935ல் ஊர்ப்பெயர் காக்கும் சட்டமும் அமைந்தது. கொடி தங்களுடையதாக இருந்ததால் அந்த மக்கள் தங்கள் மதுவைக் காக்கத் தெருவில் இறங்கினர். கிள்ளானில் மரமும் தொழிலாளியுடையதல்ல, கடையும் அவனுடையதல்ல, லாபத்தின் கணக்கும் அவன் கையில் இல்லை. ஆகவே அவன் கடையை மூடச் சொன்னான். கள்ளில் தண்ணீர் கலந்து விற்பது கள்ளுக்கடைகளிலும் நடந்ததுதான். ஆனால் நல்ல கள் வேண்டும் என்று கேட்டுப் போராட அவனுக்கு அதில் எந்தப் பங்கும் வைக்கப்படவில்லை.

ஜப்பானியர் ஆட்சியும் சயாம் மரண ரயில்பாதைக் கட்டாய வேலையும் தோட்டங்களைச் சூறையாடிய பின், போராட்டம் வடக்கே தொடர்ந்தது. கெடாவில் ஏ.எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளொழிப்பை முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டது. ஹார்வர்டு தோட்டத்தில் தொடங்கிய இயக்கம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. 1947 தொடக்கத்தில் பெடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளுக்கு எதிரான ஊர்வலங்களைக் காவல்துறை தடியால் அடக்கியது. கள்ளுக்கடைகள் சுதந்திரத்துக்குப் பின்னும் இருந்தன. 1954ல் தோன்றிய தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் காலத்தில் கூலியும் குடியிருப்பும் முன்னுக்கு வந்தன. கள் பின்னுக்குப் போனது.

கடைசியில் கடலோரக் கள்ளை முடித்துவைத்தது மதுவிலக்கன்று. ஒரு மரத்தை வேறொரு மரம் இடம்பெயர்த்தது. 1917ல் கோல சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவைச் செய்தவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தென்மேற்குப் பிரான்சின் பார்ப்சியூ என்ற ஊரில் 1879ல் பிறந்தவர். திராட்சை மதுவை வடித்துச் செய்யும் கொன்யாக்கை விற்ற குடும்பம் அவருடையது. 1905ல் செல்வம் தேடி மலாயா வந்தார். இந்த மண்ணின் தமிழரும் மலாய்க்காரரும் உலவும் அவருடைய 'மலேசி' நாவல் 1930ல் கொன்கூர் பரிசு பெற்றது. திராட்சைக் கொடிகளின் நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஊன்றிய பயிர்தான் பின்னாளில் சிலாங்கூர்க் கரையின் ரப்பரையும் தென்னையையும் விழுங்கியது. அறுபதுகளுக்குப் பின் தோட்ட நிறுவனங்கள் வேகமாகச் செம்பனைக்கு மாறின. கேரித் தீவு இன்று பெரும்பாலும் செம்பனைக் காடுதான். மரமேறிகளின் பிள்ளைகள் மரமேறவில்லை, அது இயல்பே. தந்தையின் உடம்பு பட்ட பாட்டை அவர்கள் பார்த்திருந்தனர்.

எழுபதுகளில் தெலுக் பங்லிமா காராங்கில் சுதந்திர வணிக மண்டலம் அமைந்தது. லயத்துப் பெண்களும் இளைஞர்களும் தொழிற்சாலை வேலைக்குப் போயினர். தோட்டம் நேரம் குறித்துத் தந்த வாழ்க்கை மாறியது, குடியும் மாறியது. சுங்கை வேயில் கின்னஸ் ஆலையும் ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க் ஆலையும் ஏற்கெனவே வந்திருந்தன. பீர் குளிர்ந்த புட்டியில் எந்தக் கடைக்கும் போனது. அதை வாங்க முடியாதவர்களுக்குச் சின்னப் புட்டியில் அடைத்த மலிவுச் சம்சு வந்தது. கள்ளைவிட இது பலமடங்கு கடுமையானது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராகப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. கள்ளை ஒழித்தால் நல்லது நடக்கும் என்று நம்பிய தலைமுறை, அந்த இடத்துக்கு இதைவிடக் கேடானது வந்து உட்கார்ந்ததைக் காண நேர்ந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர். எண்பது ஆண்டுகளுக்கு முன் தமிழர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

மற்ற நாடுகளில் கள்ளின் கதை வேறுவேறாகப் போனது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது, கடையின் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் உண்டு. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்துச் செய்யும் சாராயம் பெரிய தொழிலாகி, மரப் பீப்பாயில் பல ஆண்டு முதிர்ந்து ஏற்றுமதியாகிறது. வடித்தால் கள்ளும் திராட்சை மதுவைப்போல நிற்கும் என்பதற்கு அது சான்று. மலாயாவில் அந்த வழி யாருக்கும் திறக்கப்படவில்லை. இங்கே கள் கடைசிவரை கூலிக்காரனின் மதுவாகவே வைக்கப்பட்டது, அதைச் செய்தவனும் கூலிக்காரனாகவே இருந்தான். பாளையைத் தட்டும் பதமும் சீவும் கோணமும் அறிந்த அந்தக் கைகளின் பெயர்கள் எந்த அரசு ஏட்டிலும் இல்லை. உரிமத் தொகையும் விற்ற அளவும் மட்டும் இருக்கின்றன.

மலேசியாவில் கள் விற்பனையை இன்றும் கலால் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் பெற்ற கடைகள் சில மிஞ்சியிருக்கின்றன. கோலலங்காட் தோட்டங்களில் பிறந்து மரமேறியவர்களும், கள்ளுக்கடையை மூடச் சொன்ன தாய்மார்களின் மக்களும் முதுமையில் இருக்கிறார்கள். இரு தரப்பாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. அந்தப் பணியைத் தோட்டத்திலிருந்து படித்து வெளியேறிய தலைமுறைதான் செய்ய வேண்டும்.